எண்பதாவது கட்டத்துக்கு அப்பால்

காலையில் வேலைக்குப் போனபோது கீபோர்டில் ஒரு பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. விரலில் காயம் பட்டால் ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரிதான். எங்கள் அதிகாரியின் வேலை. ஒட்டியதோடு நிற்காமல், அதன்மேல் பேனாவால் மலையாளத்தில் தொடக்கூடாது என்று எழுதியும் வைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கேரளத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு, பாலக்காட்டுக்குக் கிழக்கே பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் இரும்பு பீரோ அளவு. வெளிநாட்டுக் கூட்டாளிக் கம்பெனி கப்பலில் அனுப்பியது. அதோடு பேச இரண்டு டெர்மினல்கள். ஒன்று ஸ்டோரில் இருந்தது. அதற்குத் திரை கிடையாது, எல்லாவற்றையும் காகிதத்தில் அடித்துத் தள்ளும். இன்னொன்று எங்கள் அறையில், திரை வைத்தது, புத்தம் புதுசு. எங்கள் ஊரில் யாரும் டிவியே பார்த்திராத காலம். எழுத்து தானாக எரிகிற ஒரு கண்ணாடி முன்னால் உட்கார எனக்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட் வரைக்கும் ஓடுவேன். நேரமாகிவிட்டது என்று இல்லை. ஆசையில் ஓடுவேன்.

அந்தத் திரைக்கு ஒரு வித்தை உண்டு. பிளாஸ்திரி ஒட்டிய அந்தப் பொத்தானை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், ஒரு வரியில் எண்பது எழுத்து நிற்கும். மறுபடி அழுத்தினால் எழுத்து ஒடுங்கும், வரியில் நூற்று முப்பத்திரண்டு நிற்கும். பெட்டி அதேதான். உள்ளே இருக்கிற இடம் மட்டும் அகலும், குறுகும்.

அந்தப் பொத்தானைத் தொடுகிற ஆள் ஒருத்திதான். ஆபரேட்டர் அக்கா. பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், மிஷன் பள்ளியில் டைப்பிங் படித்தவள், கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தவள். விரல் பறக்கும். கண் மோசம். சோடாபுட்டிக் கண்ணாடி. ஒடுங்கிய எழுத்தை அவளால் படிக்கவே முடியாது. அதனால் அதிகாரி அந்தப் பக்கம் போனதும் பெரிய எழுத்துக்கு மாற்றிக்கொள்வாள்.

மாற்றினால் என்ன கெட்டது என்று கேட்பீர்கள். கெட்டது திரையால் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளே நம்மிடம் கட்டளை வாங்குகிற ஒரு புரோகிராம் இருந்தது. இன்றைக்கு ஷெல் என்கிறார்கள். வரியின் ஆரம்பத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருக்கும். நாங்கள் அதைப் புள்ளிக்காரன் என்போம். அதை எழுதியவர் எனக்கு முன்னால் இருந்த ஆள், பம்பாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். திரை என்றைக்கும் நூற்று முப்பத்திரண்டுதான் என்று நினைத்து அந்த எண்ணை அப்படியே உள்ளே அடித்து வைத்திருந்தார். மடையன். பொத்தானை அழுத்தினால் மாறும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

ஆகவே அக்கா எண்பதுக்கு மாற்றினாலும் புள்ளிக்காரனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டே போவான். திரையில் இடம் இல்லை. எண்பதாவது கட்டத்துக்கு அப்பால் வருகிற எழுத்தெல்லாம் கடைசிக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், திருவிழா பஸ்ஸின் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி. கண்ணுக்குத் தெரிவது கடைசியாக ஏறிய எழுத்து மட்டும். சரக்கு எத்தனை உருப்படி என்கிற எண் வரியின் கடைசியில்தான் வரும். அக்கா அதைப் பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் சரியாகத்தான் அடித்தாள். ஒரு தடவை ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வாஷர் மலை குவிந்துவிட்டது.

அதற்குத்தான் பிளாஸ்திரி. அதோடு இன்னொன்றும் சொன்னார் அதிகாரி. திங்கட்கிழமையிலிருந்து அக்கா பேக்கிங்குக்குப் போக வேண்டும்.

பேக்கிங் என்றால் மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து ஆணி அடிக்கிற இடம். கண் தெரியவில்லை என்று ஒருத்தியை ஆணி அடிக்க அனுப்புகிறார்கள்! நான் நேராக அவர் மேசைக்குப் போனேன். அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள், நான் நிற்கவில்லை, அவளும் கூடவே வந்தாள்.

அதிகாரி கல்பாத்திக்காரர். எங்களிடம் மலையாளம் கலந்த அவர் வீட்டுத் தமிழில்தான் பேசுவார்.

"இதோ பாரு, குட்டி. எனக்கு ஒரு சரக்கு ஒரே வரியா வேணும். மேலேருந்து கீழே நோக்கினா எல்லாம் நேரா நிக்கணும். அதுக்காக்கும் சின்ன எழுத்து. கண்ணு தெரியலேன்னா கண்ணாடியை மாத்திக்கணும், மெஷினை மாத்தப்படாது."

"சார், இதுக்கு மேல கண்ணாடி மாத்தணும்னா கடையில ஜன்னல் கண்ணாடிதான் கெடைக்கும்," என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேன், "தப்பு அக்காமேல இல்லீங் சார். புள்ளிக்காரனுக்குத் திரை மாறுனதே தெரியறதில்லீங். தெரியற மாதிரி நான் பண்ணிப்போடறனுங். சனிக்கிழமை வந்து பாருங்."

"பண்ண முடியும்னா போனவன் பண்ணியிருக்க மாட்டானா?"

"அவருக்குத் தெரியாதுங் சார்."

இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அக்கா பிறகு சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது? தெரியாதுதானே? அதிகாரி, "சனிக்கிழமை உச்சைக்கு முன்னாடி நோக்கறேன். ஆகலேன்னா பேக்கிங்தான்," என்றார். அறைக்குத் திரும்பியதும் அக்கா பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரித்துக் குப்பையில் போட்டாள்.

என் முதல் யோசனை உதவாத யோசனை. உட்கார்ந்ததும் ஆபரேட்டரே "எண்பது" என்றோ "நூற்று முப்பத்திரண்டு" என்றோ புள்ளிக்காரனிடம் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குக் காட்டினேன்.

"ஏட்டி, பொத்தானையும் நான் அமுக்கணும், அமுக்குனேன்னு அவங்கிட்ட போயிச் சொல்லவும் செய்யணுமா? அவன் என்ன எம் மாமியாரா?"

நியாயம். தூக்கிப் போட்டேன். திரையிடமே கேட்க வேண்டும். கேட்க வழி இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினேன். அந்தத் திரை வெறும் கண்ணாடி இல்லை, சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும். உன் கர்சர், அதாவது அடுத்த எழுத்து விழப்போகிற இடத்தில் மின்னுகிற கோடு, எந்த வரியில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டால் சொல்லும். ஆனால் உன் அகலம் எவ்வளவு என்று கேட்க ஒரு கேள்வி அந்தப் புத்தகம் முழுவதிலும் இல்லை. இரண்டு முறை படித்தேன். இல்லை. புத்தகத்தைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தோம். அந்த அறை இயந்திரத்துக்காகக் குளிரவைத்த அறை. சித்தூர்க்காரி நான் அதற்குள் ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவேன், அக்கா பீர்மேட்டுக் குளிரே இது இல்லை என்று முழங்கை தெரிய உட்கார்ந்திருப்பாள். வெளியே வாளையாற்றுக் கணவாயிலிருந்து காற்று மண்ணை வாரிச் சோற்றில் போட்டது. டிபன் பாக்ஸை முதுகால் மறைத்துக்கொண்டு புலம்பினேன்.

"கர்சர் எங்க நிக்குதுன்னு கேட்டாச் சொல்லுதுங்கக்கா. நீ எத்தன அகலம்னு கேட்டா ஊமையாட்ட நிக்குது."

"எங்க மலையிலயும் அப்பிடித்தான்," என்றாள் அக்கா, வாயில் சோற்றோடு. "மஞ்சு எறங்குச்சின்னா தேயிலை நெரை எம்புட்டு நீளம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எங்க கங்காணி என்ன செய்வாரு, சின்னப் புள்ள ஒருத்திய வெரட்டி விடுவாரு. ஏட்டி, வேலியில முட்டுத வரைக்கும் போ, முட்டுன எடத்துல நின்னு எத்தனாவது செடின்னு கூவுன்னு. நான் எத்தன நாளு முட்டியிருக்கேன்! முட்டி பூரா முள்ளு."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"வேலியில முட்டற வரைக்குமா?"

"பெறகு? அதுக்கு மேல எங்க போவ, கொக்கையிலயா?"

மஞ்சு என்றால் மூடுபனி, கொக்கை என்றால் மலைப் பள்ளம். நான் டிபன் பாக்ஸை அவள் மடியில் வைத்துவிட்டு ஓடினேன். கை கூடக் கழுவவில்லை. கர்சரை வலப்பக்கம் இத்தனை கட்டம் தள்ளு என்று திரைக்குக் கட்டளை கொடுக்கலாம். இருக்கிற இடத்துக்கு மேல் தள்ளச் சொன்னால்? புத்தகத்தில் ஒரு வாக்கியம் இருந்தது, இரண்டு முறை படித்தும் நான் கண்டுகொள்ளாத வாக்கியம். ஓரம் வந்தால் கர்சர் அங்கேயே நின்றுவிடும். நின்றுவிடும்! அப்படியென்றால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கட்டம் தள்ளு என்று சொல்ல வேண்டியது. அது போய் ஓரத்தில் முட்டும். முட்டிய இடத்தில், எங்கே நிற்கிறாய் என்று கேட்க வேண்டியது. அது சொல்கிற கட்டத்தின் எண்தான் அகலம்!

எழுதினேன். பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். கர்சர் வலது ஓரத்துக்குப் பாய்ந்தது. திரையின் பதில் நம் விரல் தட்டிய மாதிரியே கீபோர்டு வழியாகத்தான் உள்ளே வரும். அதை நான் யோசிக்கவில்லை. புள்ளிக்காரன் அந்தப் பதிலை நான் அடித்த கட்டளை என்று நினைத்துக்கொண்டு, அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று திட்டினான். திட்டும்போது எந்தக் கட்டளை என்று திருப்பிக் காட்டுவது அவன் வழக்கம். காட்டினான். கன்னாபின்னாவென்று சில குறிகள், நடுவே எண்பது.

எண்பது! பொத்தானை அழுத்தினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி திட்டினான். இந்தத் தடவை நடுவே நூற்று முப்பத்திரண்டு. வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், அந்தத் திட்டுக்கு நான் குதித்தேன். நாற்காலி சாய்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் கதவைத் திறந்து, ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டார். அக்கா இரண்டு டிபன் பாக்ஸோடு அவர் பின்னால் நின்றாள்.

"அக்கா, முட்டிக் கூவிருச்சுங்கக்கா!"

"கூவுனது நீதான்டி, கேட் வரைக்கும் கேக்குது."

அடுத்த நாள் முழுவதும் பதிலையும் விரல் தட்டியதையும் பிரித்தேன். அக்காவின் வேகத்தில் புள்ளி வருவதற்கு முன்பே அடுத்த கட்டளை பாதி வந்திருக்கும். திரையின் பதில் அதன் நடுவில் புகுந்துகொள்ளும். பதில் எப்போதும் ஒரு தனிக் குறியோடு தொடங்கும். அந்தக் குறியைப் பார்த்தால் பதிலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அக்கா அடித்ததை அப்படியே விட்டுவிட வேண்டும். அது சரியானதும், புள்ளி வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் புள்ளிக்காரன் திரையை விரட்டி அகலம் கேட்கும்படி செய்தேன். கடைசியாக, ஏற்றுக்கொண்ட சரக்கு வரியை அந்த அகலத்துக்குத் தகுந்தபடி மடித்து ஒரு முறை திருப்பிக் காட்டவும் வைத்தேன், எண்ணை அக்கா கண்ணால் பார்க்கட்டும் என்று.

பிரமாதமாக ஓடியது. வெள்ளிக்கிழமை காலை ஸ்டோரிலிருந்து போன் வந்தது. ஸ்டோர்க்காரர் கொழிஞ்சாம்பாறைக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங் அம்மிணி, உங்க புள்ளிக்காரன் செத்துப்போயிட்டானுங். காகிதத்துல என்னமோ கிறுக்கிப்போட்டுக் கம்முனு உக்காந்திருக்கறான். தட்டுனா எந்திரிக்க மாட்டீங்கறான்."

காகித டெர்மினல்! அதற்குத் திரை இல்லை, கேள்வி புரியாது, பதில் சொல்லத் தெரியாது. புள்ளிக்காரன் அதனிடம் அகலம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். காத்துக்கொண்டே இருந்தான். ஸ்டோர் வேலை நின்றுபோனது. அதிகாரி காதுக்குப் போனால் சனிக்கிழமைவரை கூடப் பொறுக்க மாட்டார்.

"அக்கா, மஞ்சுல அந்தப் புள்ள கூவலைன்னா உங்க கங்காணி என்னங்க பண்ணுவாரு?"

"செத்த நேரம் பாப்பாரு. பெறகு நேத்து எத்தனையோ அத்தனைன்னு வச்சுக்கிட்டுப் போயிருவாரு. அவருக்கு வேற சோலி இல்லியா? கூவாம இருந்தா ஒண்ணு புள்ள அட்டை கடிச்சு உக்காந்திருக்கும், இல்ல ஊட்டுக்கு ஓடியிருக்கும்."

சேர்ந்தே சிரித்தோம். சிரித்துக்கொண்டே எழுதினேன். கொஞ்ச நேரம் பார், பதில் வராவிட்டால் கடைசியாகத் தெரிந்த அகலம்தான் என்று வைத்துக்கொண்டு புள்ளியை வை. ஒரு தடவை பதில் சொல்லாத டெர்மினலை மறுபடி கேட்காதே. ஸ்டோருக்குப் போன் செய்தேன். "எந்திரிச்சுட்டானுங்," என்றார் அவர்.

சனிக்கிழமை அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். உட்காரவில்லை. அக்கா கீபோர்டு முன்னால், நான் பக்கத்தில், அவர் எங்கள் இருவருக்கும் பின்னால் நின்றார். பெரிய எழுத்தில் ஒரு சரக்கு வரி அடிக்கச் சொன்னார். அடித்தாள். வரி அழகாக இரண்டாக மடிந்தது, எண் தெரிந்தது. சின்ன எழுத்துக்கு மாற்றி இன்னொன்று. அடித்தாள். ஒரே வரியில் நேராக நின்றது.

"கொள்ளாம்," என்றார். அது நல்லாயிருக்கு என்பதற்கு மலையாளம். நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. "இன்னும் ஒண்ணு அடி. பெரிய பேரா இருக்கறதா பார்த்து அடி."

அவர் கொடுத்த சிட்டையைப் பார்த்து அக்கா அடிக்கத் தொடங்கினாள். பாதி வரி போயிருக்கும். அவர் கையை அவள் தோளுக்கு மேலாக நீட்டி, தானே பொத்தானை அழுத்தினார்.

நான் புள்ளி வைக்கும் முன் கேட்க வைத்திருந்தேன். பாதி வரியில் ஒருவன் மாற்றுவான் என்று நினைக்கவே இல்லை. அந்தத் திரைக்கு இன்னொரு குணம் உண்டு, அகலம் மாறினால் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். துடைத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி. பாதி அடித்த வரி எங்கேயும் இல்லை.

"போயாச்சு. கண்டியா?" என்றார் அதிகாரி.

இதை முடிக்க இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோபம்தான் முதலில் வந்தது. யார் பாதி வரியில் அழுத்துவார்கள்? ஆனால் அக்கா நிறுத்தவில்லை. தலையைத் தூக்கித் திரையைப் பார்க்கக்கூட இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் எங்கெங்கோ துண்டு துண்டாக வந்து விழுந்தன. அவள் சிட்டைமேல் மூக்கு படக் குனிந்து அடித்துக்கொண்டே போனாள். இத்தனை மாதம் எண்பதுக்கு அப்பால் பார்க்காமலே அடித்தவள்தானே! அவளுக்குத் திரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பெயர், எண், அளவு, கடைசியில் எத்தனை உருப்படி. வரியை முடிக்கிற ரிட்டர்ன் கீயை அழுத்தினாள்.

திரையில் தெரியாவிட்டாலும் புள்ளிக்காரன் கையில் முதல் பாதி பத்திரமாக இருந்தது. அவனுக்கு வந்த எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. கர்சர் ஓரத்துக்கு ஓடியது, முட்டியது, திரும்பியது. வரி முழுவதும் மேலே வந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரைக்கும், இப்போதைய அகலத்தில், துண்டு இல்லாமல். அதன் கீழே புள்ளி.

அதிகாரி குனிந்து சிட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணில் விரல் வைத்தார். மறுபடி பார்த்தார்.

"இவ நோக்காமலே அடிச்சாளா?"

"பாத்தா மட்டும் என்ன தெரியப்போவுது சார்?" என்றாள் அக்கா.

இந்தத் தடவை அவர் சிரித்தார். கொஞ்சமாகத்தான். "ஸ்டோர்ல நேத்து என்னமோ செத்துப்போச்சுன்னு கேட்டேனே?"

"எந்திரிச்சிருச்சுங் சார்," என்றேன்.

"சரி. பேக்கிங்குக்கு வேற ஆளை நோக்கறேன். நீ இங்கேயே இரு. பெரிய எழுத்திலேயே வெச்சுக்கோ. நான் வந்தா நானே மாத்திப் பார்த்துட்டுப் போறேன், அவ்வளவுதானே வேணும்." கதவுவரை போய்த் திரும்பினார். என்னைப் பார்த்து, "பம்பாய்க்குப் போனவனைப் பத்தி இனி எங்கிட்ட ஒண்ணும் சொல்லப்படாது. அவன் என் மருமகனாக்கும்."

கதவு மூடியதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாயில் சேலையைத் திணித்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்திப் பெரிய எழுத்துக்கு மாற்றினாள். மெதுவாக ஒரு வரி அடித்தாள். சரக்கு வரி இல்லை, அவள் பெயர். அதை மூக்கு படாமல், முதுகு நேராக வைத்துப் படிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்சம் குனிந்தாள்.

"ஏட்டி, இது இதுக்கு மேல பெருசாவுமா?"

ஆகும். வரிக்கு நாற்பது எழுத்து, உயரமும் இரண்டு பங்கு. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சரக்கும் நான்கு வரியாக மடியும், புள்ளிக்காரனின் பாதியைத் திருப்பி எழுத வேண்டும், அதிகாரி மறுபடி கத்துவார்.

"நவுருங்கக்கா," என்று அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.